சுவர் மட்டும் நம்பும்படி இல்லை

அம்மா இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எழுந்து வெந்நீர் கேட்டாள். காய்ச்சிக் கொண்டுபோவதற்குள் போய்விட்டாள். இருபது வருடத்துக்கு மேல் எங்கள் கோவிலைப் பெருக்கியவள் அவள். பீடத்துத் துணிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து, மேலே ஒரு வெள்ளைத் துண்டு போர்த்தி எடுத்துக்கொண்டு போவாள். வழியில் யாராவது பேச்சுக்கு இழுத்தால் நிற்கமாட்டாள். மற்ற நேரத்தில் ஆரணியில் ஒரு பட்டுச்சேலை வியாபாரி வீட்டுக்குத் தார் சுற்றிக் கொடுத்தாள். நெசவில் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குழல்களில் சுற்றித் தரும் வேலை அது. பெட்டியிலிருந்த அவள் கைகளைப் பார்த்தபோது விரல் இடுக்கில் அரக்குச் சாயம் அப்படியே இருந்தது.

எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. ஆரணியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். அங்கே ஊர் என்று ஒன்று, காலனி என்று ஒன்று, இரண்டுக்கும் நடுவில் கோவில். ஊரிலும் கத்தோலிக்கர்கள், காலனியிலும் கத்தோலிக்கர்கள். நாங்கள் காலனி. கல்லறைத் தோட்டம் ஒன்றுதான், ஆனால் அதன் நடுவே, ஆள் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கல் சுவர். கிழக்குப் பக்கம் ஊர்க்காரர்களுக்கு. அதற்குப் போக சிமெண்டு ரோடு உண்டு. மேற்குப் பக்கம் எங்களுக்கு. எங்கள் பிணங்கள் ஏரிக்கரையைச் சுற்றித்தான் போகவேண்டும்.

அன்று முந்தின வாரத்து மழையில் கரை முழுவதும் சேறு. பெட்டியைத் தூக்கிப்போனவர்களில் முன்னால் இருந்த ஒருவருக்குக் கால் வழுக்கியது. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, உள்ளே அம்மா நகர்ந்து பலகையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. இறக்கி வைக்க இடமில்லாமல் சேற்றிலேயே வைத்தார்கள். என் கணவர் தன் சட்டையைக் கழற்றிப் பெட்டியின் அடிப்பக்கத்தைத் துடைத்தார். நைனா, அதாவது என் அப்பா, "ஜல்தியா தூக்குங்கப்பா, சாமியார் காத்துகினு இருப்பாரு" என்று மட்டும் சொன்னார்.

பங்குச் சாமியார் காத்துக்கொண்டுதான் இருந்தார். சிமெண்டு ரோட்டில் ஸ்கூட்டரில் வந்து, கிழக்கு வாசல் வழியாக நுழைந்து, நடுச்சுவரில் இருந்த சின்னக் கதவைத் திறந்துகொண்டு எங்கள் பக்கம் வந்திருந்தார். அந்தக் கதவு சாமியாருக்காக மட்டும் வைத்தது. செருப்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லாமல் அவர் நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். நல்ல மனிதர்தான். வயதில் சின்னவர். ஜெபத்தை அவசரமில்லாமல் முழுவதும் சொன்னார். ஆனால் முடிந்ததும் அதே கதவு வழியாகத்தான் திரும்பிப்போனார்.

ஆரணியில் ஒரு தனியார் பள்ளியில் நான் வரலாறு எடுக்கிறேன். எழுதும் பழக்கம் கல்லூரி நாளிலிருந்து உண்டு. அடுத்த வருடம் எங்கள் கோவிலுக்குப் பெருவிழா வந்தது. விழா மலர் வெளியிடப்போவதாகவும் படித்தவர்கள் எல்லாரும் கட்டுரை தரவேண்டும் என்றும் பூசையில் அறிவித்தார்கள். நான் ஐந்து பக்கம் எழுதினேன். அம்மா பீடத்துத் துணி துவைத்தது, ஏரிக்கரை, பெட்டி சாய்ந்தது, கதவு. யாரையும் திட்டவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி, விழாக் குழுச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஊர்ப்பக்கத்துக்காரர்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது கூப்பிட்டுத் தாள்களைத் திருப்பித் தந்தார்.

"நல்லா எழுதிகிறம்மா. மொழி சுத்தமா கீது. ஆனா விழா மலர்ல இதெல்லாம் எதுக்கு? சந்தோஷமான விஷயமா ஒண்ணு எழுதிக் குடேன். உங்கம்மா கோவிலுக்குச் செஞ்ச தொண்டு, அத்த மட்டும் எழுதிக் குடு. போட்டோவோட போடறேன்."

"அடக்கத்தை விட்டுட்டா?"

"அடக்கம்தான் நல்லபடியா ஆச்சேம்மா" என்றார்.

அம்மாவின் தொண்டு பற்றி எழுதிக் கொடுக்கவில்லை. மலர் வந்தது. கோவிலைப் பெருக்கியவள் என்று எங்கேயும் ஒரு வரி இல்லை.

அந்தக் கோபத்தில்தான் பேய்க் கதை எழுத ஆரம்பித்தேன். கைப்பேசியில் கதை படிக்கிற செயலி ஒன்றில் ஏற்கெனவே புனைபெயரில் சில்லறைக் குடும்பக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தேன். இதைத் தொடராக, காலையும் சாயங்காலமும் பஸ்ஸில் உட்கார்ந்தபடி எழுதினேன். என் கணவருக்குச் செய்யாரில் ஒரு ஷூ கம்பெனியில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டே ஒவ்வொரு அத்தியாயத்தையும் படித்துவிட்டு, "பயங்கரமா கீது, ஆனா பாத்து எழுது" என்று செய்தி அனுப்புவார்.

கதையை ஆற்காட்டு நவாப் காலத்தில் வைத்தேன். ஆரணிக் கோட்டைக்குக் கல் கொண்டுவந்த காலம் என்று வைத்துக்கொண்டேன். பஞ்சத்தில் செத்தவர்களை எல்லாம் ஒரே இடத்தில் புதைக்கிறார்கள். ஊரில் ஒரு பெரிய வீட்டுக்காரர். அவருடைய அப்பாவின் எலும்புக்குப் பக்கத்தில் கண்டவன் எலும்பும் கிடக்கக் கூடாதென்று கோட்டைக்கு வந்த கல்லில் மிச்சத்தைக் கேட்டு வாங்கிப் புதைகாட்டில் சுவர் எழுப்புகிறார். அந்தச் சுவரைக் கட்டியவர்களும் பசியில் செத்துப்போகிறார்கள். அவர்களை மேற்குப் பக்கம் புதைக்கிறார்கள். பிறகு தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அவர்களில் ஒருவர் எழுந்து வந்து, தான் வைத்த கல்லைத் தானே பிடுங்கி, அந்தப் பெரிய வீட்டின் வாசலில் கொண்டுபோய் வைக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு கல். வீட்டுக்காரர் அதை எடுத்துப் போட ஆள் கூப்பிடுகிறார். தொட்டவர் கை கல்லோடு ஒட்டிக்கொள்கிறது. வாசலில் சுவர் ஏறுகிறது. பிறகு பின்வாசலில். பிறகு சன்னல்களில். கடைசியில் வீட்டுக்குள்ளேயே அவருடைய தாயார் செத்துப்போகிறாள். வெளியே கொண்டுபோக வழியில்லை. பெரிய வீட்டுக்காரர் தன் தாயைச் சமையலறையில் குழி தோண்டிப் புதைக்கிறார். அப்போது சுவருக்கு வெளியே நிற்கிற அந்தச் செத்தவர்கள் பழி சொல்வதில்லை. அடுத்த கல்லோடு வரிசையில் நிற்கிறார்கள்.

அந்த அத்தியாயத்தை எழுதும்போது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, "இன்னாம்மா, தனியா சிரிச்சிகினு வர" என்று கேட்டாள்.

முதல் அத்தியாயத்தின் அடியில் ஒரு வரி போட்டிருந்தேன். இதில் வரும் இடங்களும் சம்பவங்களும் முழுக்கக் கற்பனையே என்று. எல்லாரும் போடுவது. என் கணவர் சொன்னதற்காகவும், எனக்கே உள்ளுக்குள் இருந்த பயத்துக்காகவும் போட்டேன்.

கதை ஓடியது. என்னுடைய வேறு எதையும் அத்தனை பேர் படித்ததில்லை. எங்கள் பள்ளி ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டது. தமிழ் மிஸ், நெசவுக்காரர் வீட்டுப் பெண், ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, "இன்னா கதை மிஸ் இது! காலைல கோலம் போடப் போறப்போ வாசல்ல கல்லு கீதான்னு பாத்துட்டுத்தான் கால வெச்சேன்" என்றார். எழுதியது நான் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

என் பக்கத்தில் அறிவியல் மிஸ் இருந்தார். ஆறு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் குழம்பை மாற்றிக்கொண்டு சாப்பிடுகிறவர்கள். என் மகளுக்கு அம்மை போட்டபோது என் வகுப்புகளையும் சேர்த்து எடுத்தவர். அவர் எங்கள் கோவில்தான். ஊர்ப்பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவர்.

"நானும் படிச்சிகினு வரேன்" என்றார். "பேய் வர்ற இடமெல்லாம் சூப்பரா கீது. அந்தச் சுவருதான் நம்பற மாதிரி இல்ல. செத்தவங்களுக்கு நடுவுல போயி யாராவது சுவரு கட்டுவாங்களா? ஜனங்க அவ்ளோ மோசமாவா இருப்பாங்க?"

செத்தவன் எழுந்துவந்து கல் தூக்குவதை நம்பிவிட்டார். கை கல்லோடு ஒட்டுவதை நம்பிவிட்டார். நான் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுக் கேட்டேன்.

"உங்க மாமனாரை எங்க மிஸ் அடக்கம் பண்ணீங்க?"

"நம்ம கல்லறையிலதான்."

"அவருக்கு மேற்கால இன்னா கீது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. "அதுவா? அது காம்பவுண்டு மிஸ்."

"காம்பவுண்டு சுத்தி இருக்கும். நடுவுல எதுக்கு?"

"ஆடு மாடு வராம இருக்கறதுக்குக் கட்டினதுன்னு எங்க வீட்டுல சொல்வாங்க."

"எந்தப் பக்கத்து ஆடு?"

தமிழ் மிஸ் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அறிவியல் மிஸ் டப்பாவை மூடினார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்தக் கதைய எழுதினது நீங்கதானா?" என்றார். ஆமாம் என்றேன். மறுநாளிலிருந்து அவர் சன்னல் பக்கத்து மேசைக்குப் போய்விட்டார்.

அந்த வருடம் ஐப்பசியில் நல்ல மழை. விடாமல் பெய்த ஒரு வாரத்தில் கல்லறைச் சுவரின் பெரும் பகுதி சரிந்து விழுந்துவிட்டது. காலனியில் ஒரு சித்தப்பா ஏரிக்குப் போனவர் பார்த்துவிட்டு வந்து நைனாவிடம் சொன்னார். நான் அன்று மாலையே பள்ளியிலிருந்து நேராக அங்கே போனேன். கற்கள் எங்கள் பக்கம்தான் சரிந்து கிடந்தன. சில கல்லறைகளின் சிலுவை உடைந்திருந்தது. அம்மாவுடையது தப்பித்துவிட்டது. முதல்முறையாக அங்கே நின்றுகொண்டு கிழக்குப் பக்கத்து வாசலையும் சிமெண்டு ரோட்டையும் தரை வரைக்கும் மறைப்பில்லாமல் பார்த்தேன். இவ்வளவு கிட்டே இருக்கிறதா என்றிருந்தது. ஐம்பது அடிகூட இருக்காது.

அதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. சுவர் மழையில் விழவில்லை, மேற்குப் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து தள்ளினார்கள் என்று. செயலாளர் வீட்டு வாசலில் ஒரு கல் கிடந்ததாம். கறவை மாடு பால் தரவில்லையாம். என் கதையைப் படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொல்லி, எழுதியது யார் என்பதும் பரவி, அது முழுவதுமாக வேறொன்றாகிவிட்டது. ஊர்ப்பக்கத்துப் பெண்கள் கேட்டுக்கொண்டதால் சாமியார் வந்து கிழக்குப் பக்கம் முழுவதும் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மேற்குப் பக்கம் வரவில்லை. கதவே விழுந்து கிடந்தபோதும் வரவில்லை.

காலனியில் நாங்கள் சிலர் சேர்ந்து மனு எழுதினோம். விழுந்த சுவரைத் திரும்பக் கட்டக் கூடாது, சிமெண்டு ரோடு எல்லாருக்கும் பொது என்று. எழுதியது நான். கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனது என் கணவரும் நைனாவும். நைனாதான் முதல் கையெழுத்து. ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிய மனிதர். எழுத்துக் கூட்டிக் கூட்டித் தன் பெயரை முழுவதுமாக எழுதினார்.

தாலுகா அலுவலகத்தில் நாங்கள் கொடுத்த மனுவை எடுத்துக்கொண்டு ஒரு வருவாய் ஆய்வாளர் இடத்தைப் பார்க்க வந்தார். அவர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஊர்க்காரர்கள் டிராக்டர் வைத்துக் கற்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் நின்றிருந்த சுவரையும் இடித்துச் சமமாக்கிவிட்டார்கள். ஆய்வாளர் வந்து பார்த்தபோது ஒரே சமமான தரை. "இங்க சுவரே இல்லையேம்மா" என்றார்.

"இருந்துது சார். எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருந்துது."

"போட்டோ ஏதாவது கீதா?"

இல்லை. அம்மாவின் அடக்கத்துக்கு வந்த வீடியோக்காரர் அம்மாவின் முகத்தையும் அழுகிறவர்களையும் எடுத்திருந்தார். பிறந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சுவரைப் படம் எடுத்து வைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. தற்சமயம் சுவர் ஏதும் காணப்படவில்லை என்று அவர் எழுதிக்கொண்டு போனார்.

பிறகு இரண்டு தரப்பையும் அரசு அலுவலகம் ஒன்றுக்குப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் நான், நைனா, இன்னும் நான்கு பேர். அந்தப் பக்கம் செயலாளரும் சில பேரும். அதிகாரி பொறுமையானவராகத்தான் தெரிந்தார். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ஏரிக்கரை, சேறு, கதவு. அவர் குறித்துக்கொண்டார். எனக்கு நம்பிக்கை வந்தது.

செயலாளர் எழுந்து ஒரு கட்டுத் தாளை மேசையில் வைத்தார். என் கதை. மொத்தத்தையும் அச்செடுத்து, நடுநடுவே மஞ்சள் மையில் கோடு போட்டிருந்தார்.

"ஐயா, இவங்க நல்லா கற்பனை பண்ணக்கூடியவங்க. பேய்க் கதை எழுதறவங்க. இதே சுவரு, இதே கல்லறை, எல்லாம் இந்தக் கதையில கீது. முதல் பக்கத்துல அடியில பாருங்க. முழுக்கக் கற்பனைன்னு இவங்களே போட்டுகிறாங்க. கதைய எழுதி எழுதி அத்தையே நெசம்னு நம்ப ஆரம்பிச்சிட்டாங்க. படிச்ச பொண்ணு, என்னா செய்யறது?"

அதிகாரி அந்தப் பக்கத்தைப் படித்தார். சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "இது நீங்க எழுதினதாம்மா?" என்றார்.

"ஆமா சார். ஆனா அது கதை. இது நடந்தது."

"ரெண்டுலயும் சுவர் இருக்கே" என்றார்.

அவர் நைனா பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, மனுவில முதல் கையெழுத்து உங்களது. நீங்க சொல்லுங்க. உங்க சம்சாரத்தை அடக்கம் பண்ணும்போது ஏதாவது பிரச்சினை வந்துதா?"

நைனா எழுந்து நின்றார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

"ஒண்ணியும் இல்லீங்க. சாமியார் வந்தாரு. எல்லாம் நல்லபடியா நடந்துச்சி."

அதோடு முடிந்தது. இரு தரப்பும் அமைதி காக்க ஒப்புக்கொண்டதாக எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டேன்.

பஸ்ஸில் நைனா எனக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்தார். ஆரணி தாண்டியதும் தாங்கமாட்டாமல் கேட்டேன். "ஏன் நைனா அப்படிச் சொன்ன?"

அவர் திரும்பவில்லை. சன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்கு இன்னும் எவ்ளோ நாளு பாப்பா? உங்கம்மா பக்கத்துல படுக்கணும். பேஜார் பண்ணிகினு போய்ச் சேந்தா பூசை வைக்க உடமாட்டாங்க. குழி வெட்டற எடத்துல வந்து நிப்பாங்க. ஒனக்கு அவங்கள தெரியாது. எனக்குத் தெரியும்."

"சேத்துல பெட்டிய வெச்சோமே நைனா."

"வெச்சோம். யாரு இல்லன்னது?" என்றார். பிறகு, "நீ அந்தக் கதைய எழுதாம இருந்திருக்கலாம்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம், அந்த இடத்திலேயே அவரை உலுக்கிவிட வேண்டும்போல இருந்தது. இரண்டில் ஒன்றையும் வெளியே காட்டவில்லை. இறங்கும்போது அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

தை பிறந்ததும் சுவரைக் கட்டினார்கள். இந்த முறை சிமெண்டுச் செங்கல்லில், ஆள் உயரத்துக்கு மேலே, மேலே கண்ணாடிச் சில்லும் பதித்து. சாமியார் கதவு இப்போது இரும்பு, பூட்டு உண்டு. கட்டியது எங்கள் காலனி ஆட்கள். கொத்தனார் என் சித்தப்பா மகன். அவனிடம் போய், "நீயாடா?" என்றேன். மட்டக்கோலைக் கழுவிக்கொண்டே, "நான் கட்டலன்னா செய்யார்லேர்ந்து ஆள் வந்து கட்டிட்டுப் போவான்க்கா. சுவரு எப்படியும் வரும்" என்றான். அவன் கதையைப் படித்தவன். சுவர் கட்டியவர்களுக்கு அதில் என்ன ஆயிற்று என்பதும் அவனுக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தான்.

ஏன் அவ்வளவு உயரம் என்பது எனக்குப் பள்ளியில்தான் தெரிந்தது. அறிவியல் மிஸ் ஒருநாள் நடையில் என்னை நிறுத்தினார். சமாதானமாகப் பேச வந்தவர்போல மெதுவாகத்தான் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க மிஸ். உங்க கதைக்கு அப்புறம் எங்க பிள்ளைங்க கல்லறைப் பக்கமே வர மாட்டேங்குது. எங்க மாமியார் அவங்க வீட்டுக்காரருக்கு மெழுகுவத்தி ஏத்தப் போகவே பயப்படறாங்க. அதான் எல்லாரும் சொல்லி ஒசத்திக் கட்டிட்டாங்க."

நெஞ்சு உயரத்துக்கு இருந்த சுவர். அந்தப் பக்கத்தில் நிற்பவர்களின் தலையாவது முன்பு தெரியும். இப்போது தெரிவதில்லை.

கதையைச் செயலியிலிருந்து எடுத்துவிட்டேன். எதற்கு எடுத்தாய் என்று என் கணவர் கேட்டார். ஏற்கெனவே படித்தவர்கள் படித்துவிட்டார்கள், இனி எடுத்து என்ன என்று. அவர் சொல்வது சரிதான். இருந்தாலும் எடுத்துவிட்டேன். யாரோ ஒருவர் வேறு பெயரில் அதை மறுபடி ஏற்றியிருக்கிறார் என்று தமிழ் மிஸ் சொன்னார். கடைசி அத்தியாயத்தில் ஒரு மந்திரவாதி வந்து அந்தச் செத்தவர்களை எல்லாம் கட்டிவிடுகிறானாம். நன்றாக ஓடுகிறதாம்.

கல்லறைத் திருநாளுக்கு நைனாவோடு போனேன். ஏரிக்கரை அன்று காய்ந்திருந்தது. அவர் அம்மாவின் கல்லறையில் புல் பிடுங்கி, தண்ணீர் தெளித்து, செவ்வந்தி வைத்தார். பிறகு பக்கத்தில் இருந்த காலி இடத்தை நீளத்திலும் அகலத்திலும் காலடி வைத்து அளந்து பார்த்தார். போதும் என்பதுபோலத் தலையாட்டிக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு கேட்டது. நாங்களும் அதே பாட்டைத்தான் பாடினோம்.

நைனா எங்களோடுதான் இருக்கிறார். மூன்று வேளையும் நான்தான் சாப்பாடு போடுகிறேன், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். அந்த அலுவலகத்தில் நடந்ததைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு பேசியதே இல்லை. பேசினால் என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை.